பழைய பொலேரோ பிக்கப், டிஎன் 65 வண்டி: வாங்கலாமா?

சோழவந்தான் வெற்றிலை கேட்டது:

அண்ணன்மார்களே, 2013 மாடல் பொலேரோ பிக்கப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ராமநாதபுரம் பதிவு. மூன்றே கால் லட்சம் சொல்கிறார்கள். மீட்டர் 1,42,000 காட்டுகிறது. பெயின்ட் புதுசு, நாலு டயரும் புதுசு, சீட் கவர்கூடப் புதுசு. வெற்றிலைக் கட்டும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு வாரம் நாலு நாள் மதுரைக்குப் போய்வர வேண்டும். இந்த வயசு வண்டி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், முதலில் எதைப் பார்க்க?

மேலூர் நெல்லுமூட்டை:

இன்ஜினுக்குப் பயப்பட வேண்டாம். 2523 சிசி, நாலு சிலிண்டர். எங்கள் ஊரில் எந்த மரத்தடி மெக்கானிக்கும் பிரித்து மாட்டிவிடுவார். வண்டி சூடான பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை வந்தால் இன்ஜினில் பிஸ்டன் ரிங் வேலை இருக்கிறது. மற்றபடி பேரம் பேசி வாங்குங்கள்.

செல்லம்பட்டி மல்லி:

கடலோரத்து டிஎன் 65, புது பெயின்ட் என்று படித்ததுமே எனக்கு மூக்கு அரித்தது தம்பி.

என்னுடையதும் 2013 வண்டிதான். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த வருஷத்து வண்டி என்று வாங்கும்போது பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். இரண்டு மாசம் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் விடியற்காலை நல்ல மழை. தார்ப்பாய் ஒழுகி லோடு பாடிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டையைப் பிரித்த வியாபாரி பூவை முகர்ந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "அண்ணே, இது மல்லியா, மத்தியா?" என்றார். அன்றைக்குப் பாதி விலைதான் போட்டார்.

வண்டிக்கு முந்தின உழைப்பு மீன் லோடு. புரோக்கர் வாயே திறக்கவில்லை. தரையில் அடித்திருந்த புதுத் தகட்டைப் பெயர்த்தோம். கீழே இருந்த பழைய தகடு கைபட்டதும் அப்பளமாக நொறுங்கியது. ஐஸ் உருகின உப்புத்தண்ணீர் வருஷக்கணக்கில் சொட்டியிருக்கிறது. சேசிஸின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், குறுக்குச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். இரண்டு இடத்தில் 'பொத்' என்றது. பட்டி பூசி, அதற்குமேல் பெயின்ட். பின் சக்கரத்துக்குப் போகிற பிரேக் பைப்பும் அரித்து நூலாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. வெல்டிங், தரை, பைப் எல்லாம் சேர்த்து 48,000 ஆனது. வாடைக்கு வேப்பிலை, சுண்ணாம்பு, சாம்பிராணி என்று வீட்டில் சொன்னதெல்லாம் செய்தேன். பழைய தரை போன பிறகுதான் அது போனது.

அதனால் மீட்டரை விடு. வண்டி எதைச் சுமந்தது என்று பார். பூ ஏற்றின வண்டி மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் நான் வாங்குவேன். செங்கல், எம்-சாண்ட் அடித்த வண்டியில் பின்பக்க ஸ்பிரிங் பட்டை படுத்திருக்கும்: காலி வண்டி நிற்கும்போதே பட்டையில் வளைவு இருக்காது. மீன் வண்டிக்குச் சேசிஸ்தான் சாட்சி. பாய் ஒன்று எடுத்துப்போய் அடியில் படுத்துப் பார். உச்சி வெயிலில் போ, தரையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்று, தார்ப்பாயை இழுத்துக் கட்டு, டீ குடித்துவிட்டு வந்து தலையை உள்ளே விடு.

வேலை பார்த்த பிறகு குறை சொல்ல முடியாது. ஐந்து வருஷமாக ஓடுகிறது, கிளட்ச் ஒரு தடவை மாற்றினேன். மாமன் மகள் கல்யாணச் சீர்கூட அதில்தான் போனது.

திருமங்கலம் டிரைவர்:

மல்லி அண்ணன் அடியில் படுத்துவிட்டார், நான் பேப்பரைச் சொல்கிறேன். எட்டு வருஷம் தாண்டின சரக்கு வண்டிக்கு வருஷாவருஷம் எஃப்சி, அதாவது தகுதிச் சான்று, எடுக்க வேண்டும். எப்போது முடிகிறது என்று பாருங்கள். கடன் முடிந்ததா, ஆர்சி புத்தகத்தில் எச்பி, அதாவது கடன் கொடுத்தவர் பெயர்ப் பதிவு, ரத்தாகிவிட்டதா என்பது முக்கியம். பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டு அபராதம் நிலுவையில் இருக்கிறதா பாருங்கள். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்காமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸில் பெயர் மாற்ற 14 நாள்தான் கெடு. பேட்ஜ், அதாவது சரக்கு வண்டி ஓட்ட லைசென்ஸில் தனி அனுமதி, பற்றி யாராவது பயமுறுத்தினால் கவலை வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு எல்எம்வி என்கிற இலகுரக வண்டி லைசென்ஸே போதும் என்று 2024-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

சோழவந்தான் வெற்றிலை:

போய் வந்தேன். பாயும் குடமும் எடுத்துப் போனதைப் பார்த்து புரோக்கர் சிரித்தார். தண்ணீர் ஊற்றித் தார்ப்பாய் கட்டினதும் சிரிப்பு நின்றது. டீ குடித்து வருவதற்குள் பக்கத்து வீட்டுப் பூனை டயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. "அது கடல்காத்து வாசம்ணே" என்றார். அட்வான்ஸ் கொடுக்கவில்லை. பேரையூரில் இன்னொரு வண்டி இருக்கிறதாம், பருத்தி மட்டும்தான் ஏற்றினது என்கிறார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். மல்லி அண்ணே, வர முடியுமா? பாய் நான் எடுத்து வருகிறேன்.