ஞானஸ்நானம் எடுத்தும் உள்ளுக்குள் ஒன்றும் மாறவில்லை, என்ன செய்வது?

விசுவமடு_தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். நான் விசுவமடுப் பக்கம், வயல் செய்கிறவன். பிறப்பால் சைவம், அம்மா இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போய் வருவா. நானும் மனிசியும் சபைக்குப் போகத் தொடங்கிக் கொஞ்சக் காலம், ஞானஸ்நானமும் எடுத்துவிட்டோம். யாரும் வீடு தந்தோ காசு தந்தோ எங்களைக் கூப்பிடவில்லை, அந்தக் கதையோடு யாராவது வருவீர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்த போகத்தில் விழுந்த கடன் இன்னும் எழும்ப விடவில்லை. நகை அடகில், மனிசியின் பெயரில் குழுக்கடன் வேறு, கிழமைக்கு ஒருநாள் வாசலில் வந்து நிற்பார்கள். அண்ணா 2009 மே மாதம், சண்டை முடிகிற நேரம் வட்டுவாகலில் காணாமல் போனவர்.

சபையில் பாடும்போது அழுகை வரும், மனம் லேசாகும், வீட்டுக்கு வந்து அரை மணித்தியாலத்தில் நான் பழைய ஆள்தான். பிள்ளை கொப்பி வாங்கக் காசு கேட்டாலே எரிந்து விழுகிறேன். இரவில் நித்திரையும் இல்லை. புதுச் சிருஷ்டி என்கிறார்கள், எனக்குள் என்ன புதிது என்று தேடித்தான் பார்க்க வேண்டும். ஆண்டவர் என்னை எப்படி மாற்றினார் என்று முன்னுக்கு வந்து சாட்சி சொல்லக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பின்வரிசையில் இருக்கிறேன். போன மாதம் ஒரு ஐயா சொன்னார், அண்ணாவைக் கொண்டு போனவர்களை நான் மன்னிக்காததால்தான் ஆசீர்வாதம் தடைபட்டு நிற்கிறதாம். உண்மையா? மன்னிப்பதென்றாலும் யாரை? எனக்கு ஒரு பெயர்கூடத் தெரியாது.

முருங்கன்_அக்கா:
தம்பி, நாங்கள் பரம்பரை வேதக்காரர், அதனால் மனம் தானாகத் திருந்திவிடும் என்று நினைக்க வேண்டாம், எங்கள் வீட்டுச் சண்டையை ஊரே கேட்கும். ஆனால் ஆசீர்வாதம் தடைபடுகிற கதையை என்னால் ஏற்க முடியாது. 1999 நவம்பரில் மடு மாதா கோயில் வளவுக்குள்ளேயே ஷெல் விழுந்து, தஞ்சம் என்று வந்து படுத்திருந்த சனம் செத்தது. 2008 ஏப்ரலில் மாதாவின் சுரூபத்தையே தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், எங்களைப் போல அவவும் இடம்பெயர்ந்தா. அந்தச் சனத்துக்கு விசுவாசம் குறைவு, அதுதான் ஷெல் விழுந்தது என்று யாராவது சொன்னால் பொறுப்பீர்களா? பிறகு கடனுக்கும் காணாமல் போனதற்கும் மட்டும் ஏன் அந்தக் கணக்கு?

பாடும்போது வருகிற அழுகையை வைத்து மாற்றத்தை அளக்க வேண்டாம். நான் செய்வது இதுதான், புனித இஞ்ஞாசியார் வழியில் எங்களுக்குச் சொல்லித் தந்தது: படுக்கப் போகும் முன் அன்றைய நாளை ஆண்டவரோடு இருந்து ஒருக்கால் திரும்பிப் பார்ப்பது, எங்கே நன்றி சொல்லலாம், எங்கே வாய் தவறியது என்று. பிள்ளைக்குக் கத்தியிருந்தால் காலையில் பிள்ளையிடமே போய்ச் சொல்லுங்கள். சாமியிடம் மட்டும் சொல்லிவிட்டு வருவது சுகம், பிள்ளையிடம் சொல்வதுதான் கஷ்டம். மனம் இருண்டு கிடக்கிற நேரத்தில் பெரிய முடிவு எதையும் மாற்றக் கூடாது என்றும் இஞ்ஞாசியார் சொல்லியிருக்கிறார். அதனால் சபையை விடுவதோ வயலை விற்பதோ இப்போது வேண்டாம்.

கரடிபோக்கு_வாசி:
நான் தென்னிந்தியத் திருச்சபை. அந்த ஐயாவிடம் இரண்டாம் சாமுவேல் 21ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள் தம்பி, அதைப் பிரசங்கத்தில் கேட்பது அபூர்வம்.

ரிஸ்பாள் என்று ஒரு தாய். நாட்டில் பஞ்சம், அதைத் தீர்க்கவென்று சவுலின் குடும்பத்து ஆண்கள் ஏழு பேரைக் கொல்லக் கொடுக்கிறார்கள், அதில் இரண்டு பேர் அவள் பிள்ளைகள், கையளித்தது வேறு யாருமில்லை, தாவீது ராசாதான். அறுப்புத் தொடக்கத்தில் கொன்று, உடல்களை மலையில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அவள் இரட்டுத் துணியை எடுத்துக் கன்மலையில் விரித்து, மழை பெய்யும் வரைக்கும் அங்கேயே இருந்து, பகலில் பறவையையும் இரவில் மிருகத்தையும் கிட்ட விடாமல் காத்தாள். அவள் பேசியதாக ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை. அந்தச் செய்தி ராசாவின் காதுக்குப் போய், எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்த பிறகுதான், தேசத்துக்கான வேண்டுதலைத் தேவன் கேட்டார் என்று இருக்கிறது. நீ மன்னித்துவிட்டு எழும்பிப் போ, அதற்குப் பிறகு மழை தருகிறேன் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்டுக் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் போய் இருந்த தாய்மாரை நினைத்தால் எனக்கு இந்த அதிகாரம்தான் ஞாபகம் வரும்.

மன்னிப்பு தேவையில்லை என்று சொல்ல வரவில்லை, இயேசு சொன்னதை நாம் அழிக்க முடியாது. ஆனால் அண்ணா எங்கே என்று கேட்பதும் மன்னிப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. முகம் தெரியாத ஒருவனை மன்னித்துவிட்டேன் என்று மேடையில் சொல்வது எனக்கு நடிப்பாகத்தான் படுகிறது. "ஆண்டவரே, எனக்கு மன்னிக்க மனம் வரவில்லை, ஆனால் இந்த எரிச்சல் என் பிள்ளையின் மேல் போய் விழ வேண்டாம்" என்று ஜெபியுங்கள், இன்றைக்கு அவ்வளவும் காணும். சங்கீதங்களில் பாதிக்குக் கிட்ட முறைப்பாடுதான், 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்துத்தான் இருக்கிறார்கள்.

ஏ9_ஓரம்:
நான் சைவம், இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஜெபத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் நித்திரையில்லை, எரிந்து விழுகிறேன் என்று ஒருவர் எழுதியிருக்க, வைத்தியரைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லையே? மாவட்ட ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசில்லை. முதலில் போனில் கதைக்க மனநல உதவி எண் 1926, தமிழிலும் கதைக்கலாம். இன்னொன்று, கடன் இருக்கும்போது சபைக்கு வருமானத்தில் பத்திலொன்று, அந்தத் தசமபாகம் கேட்டால் இல்லை என்று சொல்லப் பழகுங்கள். குழுக்கடனை அடைக்க இன்னொரு குழுக்கடன் எடுக்க வேண்டாம், ஊரில் சிக்கனக் கடனுதவிச் சங்கம் இருந்தால் அங்கே கேட்டுப் பாருங்கள்.

முருங்கன்_அக்கா:
இவர் சொல்வது சரி. வைத்தியரிடம் போவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், அவர் பல்வலிக்கு எங்கே போகிறார் என்று கேளுங்கள்.

விசுவமடு_தம்பி:
எல்லோருக்கும் நன்றி. தசமபாகம் எங்கள் பாஸ்டர் கேட்பதில்லை, நல்ல மனிசன், அந்த ஐயாதான் இப்படி. ரிஸ்பாளின் கதையை மனிசிக்குச் சத்தமாக வாசித்தேன். அம்மா அடுப்படியில் இருந்து எல்லாம் கேட்டுவிட்டு, "அவவுக்கு எலும்பாவது கிடைச்சுது" என்றா. எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. இத்தனை வருடத்தில் அண்ணாவைப் பற்றி நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக இருந்து கதைத்தது அன்றைக்குத்தான், இரவு பதினொன்று தாண்டிவிட்டது.

ஏ9 அண்ணை, மனநலப் பிரிவுக்குத் துண்டு ஏதும் வேண்டுமா, நேரே போகலாமா?

ஏ9_ஓரம்:
வெளிநோயாளர் பிரிவுக்குக் காலையில் வெள்ளனப் போய் நித்திரையில்லை என்று சொல்லுங்கள், அங்கிருந்து அனுப்புவார்கள். மனிசியையும் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் பாதியை மறைப்பீர்கள்.