அவசரம்: பகா எண்ணுன்னு நிரல் சொல்லுது, லெக்சரர் இல்லேங்கிறார்

செந்தூல்தம்பி, இரவு 10:14
வணக்கம். பெரிய எண் ஒன்னு பகா எண்ணான்னு சோதிக்க நிரல் எழுதினேன். ஆமான்னு வருது. லெக்சரர் தப்புன்னு திருப்பிட்டார். எத்தனை தடவ ஓட்டினாலும் அதே பதில்தான். நாளைக்குக் காலை 9 மணிக்குள்ள அனுப்பணும். உதவுங்க.

பிறை அக்கா, 10:19
எந்த எண், தம்பி? எந்த மொழி? என்ன சோதனை? ஒன்னுமே சொல்லலையே.

செந்தூல்தம்பி, 10:26
மன்னிக்கணும் அக்கா. 4294967297.

பழைய கணக்கு, 10:31
இலக்கங்களைக் கூட்டினா 59, அதனால 3-ஆல் வகுபடாது. கடைசி இலக்கம் 7. பகா எண்தான், லெக்சரர்கிட்ட தைரியமா பேசுங்க.

பிறை அக்கா, 10:33
ஐயா, அது 2, 3, 5 மூணை மட்டுந்தான் விலக்கும். இதோட வர்க்கமூலம் 65536-ஐத் தாண்டுது. அதுவரைக்கும் 6542 பகா எண் இருக்கு, அத்தனையாலயும் வகுத்துப் பார்க்கணும்.

கணக்குப்புலி, 10:40
கேள்வி கேட்கவே முதல்ல பழகணும், தம்பி. இந்த எண் 2-இன் 32ஆம் அடுக்கோட 1 கூட்டினது. 32 பிட்டுல, அதாவது 32 இரும இலக்கத்துல அடங்காது, வெறும் 1-ஆகச் சுருங்கிடும். முதல் பருவத்துலயே சொல்லித் தர்ற விஷயம்.

செந்தூல்தம்பி, 10:44
பைத்தான் அண்ணே. ஃபெர்மா சோதனை, அடிமானம் 2: எண்ணைவிட 1 குறைஞ்ச அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, அந்த எண்ணால வகுக்குது; மீதி 1 வந்தா பகா எண்ணுன்னு சொல்லுது.

பாயான் லெப்பாஸ், 10:52
பைத்தான்ல முழு எண்ணுக்கு அந்த 32 பிட் வரம்பு இல்லை. கோளாறு அடிமானத்துலதான். 2-இன் 32ஆம் அடுக்கு இந்த எண்ணைவிட 1 குறைவு, அதனால வகுத்தா மீதியை -1-னு வச்சுக்கலாம். அதை வர்க்கமாக்கினா 64ஆம் அடுக்கு, அதுக்கு மீதி 1. சோதனையில வர்ற அடுக்கு 4294967296, அது 64-இன் மடங்கு. அதனால மீதி 1 வந்தே தீரும், எண் பகா எண்ணா இருந்தாலும் இல்லாட்டியும். உங்க நிரல்ல பிழை இல்லை தம்பி, இந்த எண்கிட்ட 2-ஐக் கேட்டுப் பிரயோசனமில்லை. அடிமானம் 3 போட்டுப் பாருங்க.

இந்தச் சோதனைக்குப் பேர் தந்த கணித மேதை ஃபெர்மாவே இதைப் பகா எண்ணுன்னுதான் நம்பினார். 2-இன் 1, 2, 4, 8, 16ஆம் அடுக்கோட 1 கூட்டினா வர்ற 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்கள், அடுத்து வர்றது இது. 1732-இல கணித மேதை ஆய்லர் உடைச்சார்: 641 × 6700417. இதோட பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கோட 1 கூடினதா இருக்கணும்னு பின்னால நிறுவினார். அப்படிப் பார்த்தா 193, 257, 449, 577, அடுத்தது 641. அஞ்சாவது வகுத்தல்லயே கிடைச்சிடும்! எனக்கு இன்னைக்கும் புல்லரிக்குது.

கணக்குப்புலி, 10:58
சி மொழியில 32 பிட் முழு எண்ணா வச்சா நான் சொன்னதுதான் நடக்கும். அப்புறம், அது பகா எண் இல்லை, முதன்மை எண்.

பழைய கணக்கு, 11:03
தமிழ்ப்பள்ளியில பகா எண்ணுன்னுதான் படிச்சோம். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மலாய்ல நொம்போர் பெர்டானா ஆயிடுச்சு. முதன்மை எண் இலங்கை வழக்கு.

கணக்குப்புலி, 11:05
இலங்கை வழக்குன்னா தமிழ் இல்லையா?

பிறை அக்கா, 11:07
ரெண்டும் தமிழ்தான். தம்பி, 3 போட்டீங்களா?

செந்தூல்தம்பி, 11:31
போட்டேன். மீதி 3029026160, 1 வரலை. 641-ஆலயும் வகுத்துப் பார்த்துட்டேன். அனுப்பிட்டேன், நன்றி.