மாதம் 4,500 ரூபாயில் மும்பையில் ஒழுங்காகச் சாப்பிட முடியுமா?

சயான்_பையன்

வணக்கம் மக்களே. வயது 27, அந்தேரியில் ஒரு கிடங்கில் பில் போடும் வேலை, சயான் கோலிவாடாவில் நாலு பேர் சேர்ந்து ஒரு ரூம். வீட்டுக்கு அனுப்பி, வாடகை, ரயில் பாஸ், போன் எல்லாம் போக சாப்பாட்டுக்கு 4,500 ரூபாய் நிற்கும், அதுவும் நல்ல மாதத்தில். போன வாரம் ஆபீசில் மெடிக்கல் கேம்ப் போட்டார்கள். சுகர் டெஸ்டில் எச்பிஏ1சி 5.9 என்று வந்திருக்கிறது. டாக்டர் பேப்பரைப் பார்த்து, "சுகர் இன்னும் உள்ளே வரல, வாசல்ல நிக்குது, வெயிட்டைக் குறைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். எடை 81 கிலோ, உயரம் 5 அடி 6. அப்பாவுக்கும் சுகர் உண்டு.

காலையில் வடாலாவில் வண்டி மாறும்போது ரெண்டு வடாபாவ், ஒரு கட்டிங் சாய். மதியம் ஆபீஸ் வாசலில் புலாவ், இல்லாவிட்டால் சைனீஸ் பேல் (பொரித்த நூடுல்ஸில் சிவப்புச் சாஸ் கலந்தது). சாயங்காலம் மறுபடி சாய், குளுக்கோஸ் பிஸ்கட். ராத்திரி ரூமில் சோறு, ரசம், அப்பளம். யூடியூபில் ஓட்ஸ், சியா விதை, ஆலிவ் எண்ணெய் என்று அடுக்குகிறார்கள், அதையெல்லாம் வாங்கினால் பத்தாம் தேதியே பர்ஸ் காலி. எங்களிடம் இருப்பது ஒரு கேஸ் அடுப்பு, ஒரு குக்கர். பிரிட்ஜ் கிடையாது, ஜிம்முக்கும் வழியில்லை. உண்மையாகவே குறைந்த காசில் வாழ்கிறவர்கள் பதில் சொல்லுங்கள். "மனமிருந்தால் மார்க்கமுண்டு" வகை வேண்டாம், அதை எங்கள் சூப்பர்வைசர் தினமும் சொல்கிறார்.

டோம்பிவிலி_அக்கா

தம்பி, நீ எழுதிய லிஸ்டில் பருப்பு எங்கே? ரசத்துக்கு அடியில் கிடக்கிற நாலு பருப்பைத் தவிர ஒன்றும் காணோம். பாவ் மைதா, அதற்குள் உருளைக்கிழங்கு, அப்புறம் புலாவ், அப்புறம் பிஸ்கட், ராத்திரி மறுபடி சோறு, எல்லாம் மாவுச்சத்துதான். காலையும் சாயங்காலமும் சேர்த்து அறுபது எழுபது ரூபாய் ஆகுமா? 26 வேலை நாளுக்குக் கணக்குப் போட்டால் 1,500-க்கு மேல் அதற்கே போகிறது. உன்னிடம் காசு இருக்கிறது, ஸ்டேஷன் வாசலில் விட்டுவிட்டு வருகிறாய், அவ்வளவுதான்.

மட்கி வாங்கு. நம் ஊர் நரிப்பயறுதான். காலையில் கிளம்பும் முன் ஊறப்போடு, ராத்திரி தண்ணீரை வடித்து ஈரத்துணியில் கட்டி ஆணியில் தொங்கவிடு, மும்பைப் புழுக்கத்துக்கு மறுநாள் ராத்திரி வால் விட்டிருக்கும். வெங்காயம், மஞ்சள், பச்சை மிளகாய் போட்டுக் குக்கரில் ஒரே விசில், ரெண்டாவது விட்டால் குழைந்து போகும். மழைக்காலத்தில் பச்சையாக மட்டும் தின்னாதே, வேகவைத்தே சாப்பிடு. சோம்பலாக இருந்தால் மார்க்கெட்டில் முளைவிட்டதையே கூடையில் வைத்து விற்கிறார்கள், கால் கிலோ வாங்கினால் ரெண்டு பேருக்குத் தாராளம்.

காலைக்கு ரூமிலேயே ரெண்டு முட்டை வேகவைத்துச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறு. கீரையைச் சாயங்காலம் ஸ்டேஷன் பக்கத்தில் வாங்கு, கடை கட்டுகிற நேரத்தில் ரெண்டு கட்டு ஒரு கட்டு விலைக்கு வரும். லால் மாட் (சிவப்புக் கீரை), மேத்தி (வெந்தயக்கீரை), பாலக், எது மலிவோ அது. நாங்கள் எல்லாம் கல்யாண் வண்டி லேடீஸ் பெட்டியில் உட்கார்ந்தே ஆய்ந்து முடித்துவிடுவோம், தாதரில் ஆரம்பித்தால் முலுண்ட் வருவதற்குள் பை நிறைந்திருக்கும். உனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, ஜென்ட்ஸ் பெட்டியில் நிற்கவே இடம் கிடைக்காது!

கேழ்வரகு_கிங்

ப்ரோ சிம்பிள். காலையும் ராத்திரியும் கேழ்வரகுக் கஞ்சி. இங்கே நாச்ணி என்று கேளுங்கள், எல்லாக் கடையிலும் மாவாகவே கிடைக்கும். சுகர் பறந்துவிடும்.

தாராவி_90அடி

மீன் சாப்பிடுவீர்களா என்று யாருமே கேட்கவில்லையே. கடலோரம் இருந்துகொண்டு அப்பளத்தோடு சோறு தின்பது பாவம். வஞ்சிரம், வாவல் பக்கமே போகாதீர்கள், அதெல்லாம் பணக்காரர் சமாச்சாரம். தார்லி என்று கேட்டால் மத்தி கொடுப்பார்கள், பாங்டா என்றால் கானாங்கெளுத்தி. உடம்புக்கு நல்ல கொழுப்பு இந்த விலை குறைந்த மீன்களில்தான் நிறைய. பொரிக்க வேண்டாம், எண்ணெய்க்குத் தனிச் செலவு, புளி போட்டுக் குழம்பாக வைத்தால் பிரிட்ஜ் இல்லாமலே மறுநாள் காலை வரை தாங்கும். ஆனால் மே மாத வெயிலில் அந்த விளையாட்டு வேண்டாம், அன்றன்றே தீர்த்துவிடுங்கள்.

ஜூன், ஜூலையில் மீன்பிடித் தடை, விலை ஏறிவிடும். அந்த ரெண்டு மாதத்துக்கு சோயா உருண்டை. 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம், காய்ந்த சரக்கு என்பதால் கெடவும் கெடாது. வெந்நீரில் ஊறவைத்து நன்றாகப் பிழிந்துவிட்டுச் சமைத்தால் அந்த வாடை போய்விடும். கருவாட்டைத் தினம் தொடாதீர்கள், உப்பு ஜாஸ்தி. நிலக்கடலையும் நல்லதுதான், மழைக்காலத்தில் மட்டும் கிலோக் கணக்கில் வாங்கி வைக்க வேண்டாம், பூஞ்சை பிடிக்கும், கசக்கிற கடலையைத் துப்பிவிட வேண்டும்.

மாட்டுங்கா_லேப்

கேழ்வரகு கிங் சொன்னதை அப்படியே செய்ய வேண்டாம். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து ஏராளம், மறுக்கவில்லை. ஆனால் மாவைக் கரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி, வெல்லமும் போட்டுக் குடித்தால் ரத்தத்தில் சர்க்கரை விறுவிறு என்று ஏறும், கெட்டியான ரொட்டியாகத் தட்டிக் கீரையோ பயறோ தொட்டுக்கொண்டால் கொஞ்சம் நிதானமாக ஏறும். ஜோவார் பாக்ரிக்கும் (சோள ரொட்டி) அதே கதைதான்.

எச்பிஏ1சி என்பது ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையின் கிட்டத்தட்ட மூன்று மாதச் சராசரி. 5.7 முதல் 6.4 வரை சுகருக்கு முந்தைய நிலை. ஆகவே வாரா வாரம் டெஸ்ட் எடுத்துக் காசைக் கரைக்காதீர்கள், மூன்று மாதம் கழித்து ஒரு தடவை போதும். சயான் ஆஸ்பத்திரி ஓ.பி. உங்கள் வாசலிலேயே இருக்கிறது, அப்பாவுக்கும் சுகர் என்பதால் அந்த ரிப்போர்ட்டை அங்கே ஒரு டாக்டரிடம் நிதானமாகக் காட்டிவிடுங்கள்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட கையேட்டில் ஒரு நாளைக்கு 2,000 கலோரி தட்டுக்கு தானியம் 250 கிராம், பருப்பு முட்டை மீன் வகை 85 கிராம், காய் கீரை 400 கிராம் என்று இருக்கிறது, எல்லாம் சமைப்பதற்கு முன் எடை. உங்கள் தட்டில் தானியம் இதைத் தாண்டும் என்று நினைக்கிறேன், மற்ற ரெண்டும் கிட்டவே வராது.

ஜிம் பற்றிக் கவலை வேண்டாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சுகர் வரும் நிலையில் இருந்த 531 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2006-ல் வெளியிட்டது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மட்டும் கடைப்பிடித்தவர்களுக்கு சுகர் வருவது 28.5 சதவீதம் குறைந்தது, மெட்பார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு 26.4. ரெண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கும் இதைவிடப் பெரிதாக லாபம் இல்லை. நடைக்கு அவர்கள் சொன்னது தினம் அரை மணி நேரம். ராத்திரி சாப்பிட்டதும் போனோடு படுக்காமல் பதினைந்து நிமிடம் நடந்தால் பாதி வேலை முடிந்தது.

பாண்டூப்_ராசு

ஊரில் உங்கள் வீட்டு ரேஷன் கார்டு பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) வகையா என்று பாருங்கள். அப்படியென்றால், ஆதார் இணைந்திருந்தால், உங்கள் பங்கான 5 கிலோ தானியத்தை ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் இங்கேயே இலவசமாக வாங்கலாம். மற்றவர்கள் பங்கு ஊரிலேயே கிடைக்கும். என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாத) கார்டுக்கு இது கிடையாது.

சயான்_பையன்

எல்லோருக்கும் நன்றி. கார்டு பி.எச்.எச்.தான், வீட்டில் போன் போட்டுக் கேட்டேன். மட்கி வாங்கிக் கட்டியாயிற்று, ஆணியில் தொங்குவதைப் பார்த்து ரூமில் ஒருத்தன் யாருக்குச் செய்வினை என்று கேட்கிறான். ஆளுக்கு 50 ரூபாய் போட்டு முட்டை அட்டையாக வாங்குவதாகப் பேச்சு. மதியச் சாப்பாடுதான் இடிக்கிறது. ராத்திரி செய்த குழம்பை டப்பாவில் கொண்டுபோனால் வடாலாவில் மாறும் கூட்டத்தில் பை முழுக்கக் கொட்டிவிடும்.

டோம்பிவிலி_அக்கா

குழம்பை ஏன் தூக்குகிறாய்? அதை ராத்திரியே முடித்துவிடு. மதியத்துக்கு மட்கியைச் சுண்ட வதக்கி எடுத்துக்கொள், தொட்டுக்கொள்ள மூன்று சப்பாத்தி போதும். சப்பாத்தி இடத் தெரியாதென்றால் கோலிவாடாவில் வீட்டிலேயே போட்டு எண்ணிக் கொடுக்கிற அம்மாக்கள் இருக்கிறார்கள், ரெண்டு சந்து கேட்டுப் பார். அப்புறம் அந்தச் சைனீஸ் பேலை மட்டும் விட்டுவிடு தம்பி, அந்தச் சிவப்பு எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.