சேலம்: லினக்ஸ் மிரர் டிஸ்க் இரண்டுமே போகிறது, டேட்டா எடுக்க வழி சொல்லுங்கள் (அவசரம்)

கொலுசுப்பட்டறை:
வணக்கம். செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் லினக்ஸ், இரண்டு ஹார்டு டிஸ்க் மிரர் போட்டது (ஒரே டேட்டா இரண்டிலும் பதியும்). நேற்று கரண்ட் போய் வந்ததிலிருந்து ஃபோல்டர் திறக்கவில்லை, டிக் டிக் என்று சத்தம் வருகிறது. டிசைன்கள், எந்த ஆளிடம் எத்தனை கிராம் வெள்ளி நிற்கிறது என்ற கணக்கு எல்லாம் அதில்தான். தீபாவளி ஆர்டர் ஓடுகிற நேரம். என்ன கமாண்ட் போட்டால் சரியாகும்?

லீபஜார்_லினக்ஸ்:
அண்ணா, சத்தம் எந்த டிஸ்க்கில்? ரெய்டு, அதாவது இந்த மிரர், லினக்ஸின் எம்டிஏடிஎம் மென்பொருளில் போட்டதா, மதர்போர்டில் போட்டதா? எத்தனை டிபி? ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டில் என்ன காட்டுகிறது? இரண்டு டிஸ்க்குக்கும் ஸ்மார்ட் ரிப்போர்ட் (டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்வது), எம்டிஏடிஎம் எக்ஸாமின் (டிஸ்க்கில் பதிந்துள்ள ரெய்டு விவரம்) இரண்டையும் போடுங்க. அதுவரை எதையும் ரிப்பேர் செய்ய வேண்டாம்.

சேர்வராயன்_காபி:
இது எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) கோளாறுதான். ஏற்காட்டில் கோடை இடிக்கு எங்கள் எஸ்டேட் ஆபீஸில் இதே மாதிரி ஆனது. 12 வோல்ட் சரியாக வராவிட்டால் நல்ல டிஸ்க்கும் டிக் டிக் என்றுதான் அடிக்கும். முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

அஞ்சுரோடு_அட்மின்:
டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளையும் பாருங்க. ஸ்மார்ட்டில் 199ஆம் எண், சிஆர்சி பிழை (டேட்டா வழியில் கெடுவது), ஏறியிருந்தால் கேபிள். 197ஆம் எண், பென்டிங் செக்டர் (படிக்க முடியாமல் நிற்கும் இடம்), ஏறியிருந்தால் டிஸ்க்கேதான்.

பழைய_கர்னல்:
தம்பி, ரெய்டு என்பது பேக்கப் அல்ல. இதை இந்தக் குழுவில் எத்தனை முறை எழுதுவது? தொழில் நடத்துகிறவர் இந்த அடிப்படையைப் படித்துவிட்டு டிஸ்க்கைத் தொட்டிருக்க வேண்டும். சரி, அந்த எக்ஸாமின் ரிப்போர்ட்டைப் போடும், பார்க்கலாம்.

கொலுசுப்பட்டறை:
உபுண்டு, எம்டிஏடிஎம், 2 டிபி இரண்டு, ஃபைல் சிஸ்டம் எக்ஸ்டி4. எஸ்டிஏ (முதல் டிஸ்க்): ஈவென்ட் (ரெய்டில் நடந்த மாற்றங்களின் எண்ணிக்கை) 18234, கடைசி அப்டேட் மார்ச் 11, பென்டிங் 8. எஸ்டிபி (இரண்டாவது டிஸ்க்): ஈவென்ட் 41907, கடைசி அப்டேட் நேற்று, பென்டிங் 1312. சத்தம் எஸ்டிபியில். எஸ்டிஏ அமைதியாக ஓடுகிறது, அதை மட்டும் வைத்து ஸ்டார்ட் செய்யலாமா?

லீபஜார்_லினக்ஸ்:
வேண்டாம்ணா! எஸ்டிஏ மார்ச்சிலேயே மிரரை விட்டு வெளியே போய்விட்டது. அதற்குப் பிறகு எழுதிய கணக்கெல்லாம் சத்தம் போடும் டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கிறது. எஸ்டிஏவைத் தனியாக எழுப்பி, அதில் எஸ்டிபியைச் சேர்த்தால் பழைய டேட்டா புதியதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். அதோடு எல்லாம் முடிந்தது. இப்போதே எஸ்டிபியின் பவர் ஒயரைக் கழற்றிவிடுங்க.

சேர்வராயன்_காபி:
டிஸ்க்கை பாலிதீன் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் கொஞ்ச நேரம் ஓடும் என்பார்கள்.

பழைய_கர்னல்:
யாரும் அதைச் செய்யாதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும், தட்டு போய்விடும். டிக் டிக் சத்தம் பெரும்பாலும் ஹெட் (தட்டைப் படிக்கும் முனை) கோளாறு. டேட்டா அவ்வளவு முக்கியம் என்றால் கிளீன் ரூம் (டிஸ்க்கைத் திறக்கத் தூசியில்லாத அறை) வைத்திருப்பவர்களிடம் கொடுக்க வேண்டும். நாம் ஓட்டுகிற ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டியதைக் குறைக்கும்.

லீபஜார்_லினக்ஸ்:
அதுதான் பத்திரமான வழி. செலவு கட்டாது, நீங்களே பார்ப்பதென்றால் 4 டிபி புது டிஸ்க் ஒன்று வாங்கி டிடிரெஸ்க்யூ (கெட்ட டிஸ்க்கிலிருந்து நகல் எடுக்கும் மென்பொருள்) ஓட்டுங்க. கமாண்டில் முதலில் மூல பார்ட்டிஷன் (எஸ்டிபியில் ரெய்டு இருக்கும் பகுதி), அடுத்து புது டிஸ்க்கில் நகல் ஃபைல், கடைசியில் மேப் ஃபைல் (எது வந்தது, எது வரவில்லை என்ற குறிப்பு). இந்த வரிசை மாறினால் மூலமே அழியலாம், அதனால் என்டர் தட்டும் முன் டிஸ்க்கின் சீரியல் எண்ணைச் சரிபாருங்க. முதல் சுற்றில் மைனஸ் என் போட்டு நல்ல இடங்களை மட்டும் அள்ளுங்க. கெட்ட இடங்களைத் திரும்பத் திரும்பப் படிப்பதெல்லாம் அப்புறம். மேப் ஃபைல் இருந்தால் நடுவில் நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஃபைல் சிஸ்டத்தை ரிப்பேர் செய்யும் எஃப்எஸ்சிகே பக்கமே போக வேண்டாம்.

அஞ்சுரோடு_அட்மின்:
அதே மேப் ஃபைலோடு எஸ்டிஏவிலிருந்தும் ஓட்டினால், எஸ்டிபியில் படிக்க முடியாத ஓட்டைகள் நிரம்பிவிடுமே? மிரர்தானே.

பழைய_கர்னல்:
இரண்டு டிஸ்க்கும் ஒரே நிலையில் இருந்தால் அது சரியான வழி. இங்கே ஈவென்ட் எண்ணைப் பார்த்தீரா?

அஞ்சுரோடு_அட்மின்:
பார்த்தேன் சார். மார்ச்சுக்குப் பிறகு மாறாத டிசைன் ஃபைல்களுக்கு இரண்டிலும் ஒரே பிளாக்தானே (டேட்டா துண்டு) இருக்கும்?

லீபஜார்_லினக்ஸ்:
எந்த ஓட்டை எந்த ஃபைலில் விழுந்தது என்று முன்கூட்டியே தெரியாதே. எடைக் கணக்கு ஃபைலின் நடுவில் மார்ச் மாதத்து பிளாக் ஒன்று புகுந்தால், ஃபைல் நன்றாகத் திறக்கும், உள்ளே எடை தப்பாக இருக்கும். பட்டறை ஆள் ஒருவர் கொடுக்க வேண்டாத வெள்ளியைக் கொடுக்கும்படி ஆகிவிடும். எஸ்டிஏவைத் தனி நகலாக எடுத்து, பழைய டிசைன்களை அதிலிருந்து தனி ஃபோல்டரில் போட்டுக்கொள்ளட்டும். கலக்கக் கூடாது.

அஞ்சுரோடு_அட்மின்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மார்ச்சில் அது ஏன் வெளியேறியது? டெஸ்க்டாப் டிஸ்க் கெட்ட செக்டரைப் படிக்க நிமிடக் கணக்கில் முயலும், லினக்ஸ் வழக்கமாக 30 விநாடிதான் பொறுக்கும், பிறகு டிஸ்க் ரெய்டை விட்டு வெளியேறலாம். அதனால்தான் ரெய்டுக்கு என்ஏஎஸ் டிஸ்க் (சீக்கிரம் பிழை சொல்லி விட்டுவிடும் வகை) வாங்கச் சொல்கிறேன்.

பழைய_கர்னல்:
எந்த டிஸ்க்காக இருந்தாலும் எம்டிஏடிஎம்மின் கண்காணிப்பு வசதியில் மெயில் முகவரி கொடுத்திருந்தால் மார்ச்சிலேயே தகவல் வந்திருக்கும்.

சேர்வராயன்_காபி:
இதற்கெல்லாம் இசட்எஃப்எஸ் (மிரர் வசதியும் சேர்ந்த ஃபைல் சிஸ்டம்) போட்டால் போதும்.

பழைய_கர்னல்:
அதற்கும் யாராவது மெயிலைப் படிக்க வேண்டும்.

லீபஜார்_லினக்ஸ்:
இசட்எஃப்எஸ் பற்றி வேறு இழையில் பேசலாம். அண்ணா, நகல் முடிந்ததும்: எக்ஸாமினில் டேட்டா ஆஃப்செட் (டேட்டா தொடங்கும் இடம்) என்று ஒரு எண் இருக்கும். 264192 செக்டர் என்றால், 512ஆல் பெருக்கி 135266304 பைட். நகல் ஃபைலில் அந்த இடத்திலிருந்து லூப் (ஃபைலை டிஸ்க் போலக் காட்டுவது) போட்டு, ரீட் ஒன்லி, நோலோட் இரண்டும் சேர்த்து மவுன்ட் செய்யுங்க. நோலோட் போட்டால் ஜர்னலை (ஃபைல் சிஸ்டத்தின் மாற்றப் பதிவு) தொடாது.

அஞ்சுரோடு_அட்மின்:
கொலுசுப்பட்டறை சார், என்ன ஆச்சு?

கொலுசுப்பட்டறை:
மன்னிக்கவும், வேலை நெருக்கடி. கணக்கு ஃபைல் முழுசாக வந்துவிட்டது. புது டிசைன்களில் சில திறக்கவில்லை, பழையது எஸ்டிஏ நகலில் இருக்கிறது. லீபஜார் தம்பிக்கு ரொம்ப நன்றி.

சேர்வராயன்_காபி:
எங்கள் எஸ்டேட் கம்ப்யூட்டரில் இப்போதுதான் எம்டிஸ்டாட் பார்த்தேன். ஒரு டிஸ்க்தான் காட்டுகிறது. என்ன செய்வது?

லீபஜார்_லினக்ஸ்:
முதலில் முக்கிய ஃபைல்களை ஒரு வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்க. அப்புறம் தனி இழை போடுங்க, இரண்டு டிஸ்க்கின் எக்ஸாமினோடு.