காப்புரிமை வரைபடத்தில் வெர்மான்ட் ஏன் காலியாகத் தெரிகிறது?

கேள்வி:
அமெரிக்கக் காப்புரிமைகளை (பேடன்ட்) பட்டியலிடும் பேடன்ட்ஸ்வியூ தரவை இறக்கி, அமெரிக்காவில் எந்த ஊருக்கு எத்தனை காப்புரிமை என்று சொடுக்கிப் பார்க்கிற மாதிரி வரைபடம் செய்தேன். வெர்மான்ட் மாநிலத்து எசெக்ஸ் ஜங்ஷனில் ஐபிஎம் பல வருடம் சிப் தயாரித்தது, கண்டுபிடிப்பாளர்கள் நிறைந்த இடம், ஆனால் என் படத்தில் அங்கே ஒன்றுமே இல்லை. நியூயார்க் மாநிலத்து ஆர்மாங்க் மட்டும் பெரிய வட்டமாக நிற்கிறது. எங்கே தப்பு?

பதில் 1:
உரிமையாளர் முகவரியை எடுத்திருக்கிறீர்கள். அப்படி எடுத்தால் எல்லாம் தலைமை அலுவலகத்தில் போய்க் குவியும், ஐபிஎம்முக்கு அது ஆர்மாங்க். கண்டுபிடித்தவர் முகவரிக்கு மாற்றுங்கள். இரண்டுக்கும் ஒரு பொத்தான் வைத்தால் இன்னும் நல்லது, அழுத்தினதும் வட்டங்கள் இடம் பெயர்வதைப் பார்க்கும்போதே விஷயம் விளங்கிவிடும்.

பதில் 2:
அப்புறம், ஒரு காப்புரிமையில் நாலு கண்டுபிடிப்பாளர்கள் இருந்தால் ஆளுக்குக் கால் பங்கு என்று பிரியுங்கள், இல்லாவிட்டால் ஒன்றையே நாலு தடவை எண்ணிவிடுவீர்கள். 2015-இல் அந்த எசெக்ஸ் ஜங்ஷன் ஆலை குளோபல்ஃபவுண்ட்ரீஸ் என்ற சிப் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆனால் இந்தத் தரவில் இருப்பது காப்புரிமை வழங்கப்பட்ட அன்றைய உரிமையாளர் பெயர்தான், கைமாறினது தெரியாது.

கேள்வி கேட்டவர்:
மாற்றிவிட்டேன். எசெக்ஸ் ஜங்ஷன், பக்கத்து ஊர்களான ஜெரிக்கோ, வில்லிஸ்டன் எல்லாம் வந்துவிட்டன. ரொம்ப நன்றி!