டிரஸ்ட் பதிந்தால் பணம் கொட்டுமா?

கைலித்தறி (குடியாத்தம்):
எங்கள் தெருவில் ஏழு பேர் சேர்ந்து போன வருடம் ஒரு டிரஸ்ட் பதிந்தோம். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, அவ்வளவுதான். பத்திரத்தில் மை காய்வதற்குள் ஒருவர் தேடி வந்தார். “தொண்டு வேலைக்கு நிதியுதவி, பத்து லட்சம் கிராண்ட் வாங்கித் தருகிறேன். முன்பணம் 40,000, வந்த பிறகு பத்து பர்சென்ட்” என்றார். குவைத்தில் இருக்கும் மச்சான் அனுப்பிய 20,000-ஐ அப்படியே அவர் கையில் கொடுத்தோம். இப்போது போனை எடுப்பதில்லை. நிஜமாக கிராண்ட் என்பது எப்படித்தான் வருகிறது? யாருக்காவது வந்திருக்கிறதா?

நேதாஜி மார்க்கெட்:
வருகிறவர்களுக்கு வருகிறது தம்பி. வெளிநாட்டுப் பணம், பாதி ஆபீஸ் செலவு, மீதியில் ஒரு ஜீப். வேலூரில் முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன், பார்க்காத தொண்டு நிறுவன போர்டு இல்லை. நல்ல வேலை செய்தால் பணம் தானாக வரும். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா மனுவா எழுதிக்கொண்டிருந்தார்? 1900-ல் ஊருக்குத் திரும்பும்போதே நியூயார்க் வங்கிக்காரர் ஷெல் கொடுத்த பத்தாயிரம் டாலரோடு வந்தார். 1902-ல் ஆஸ்பத்திரி நின்றது.

ஒடுகத்தூர்க்காரி:
அண்ணா, அந்தப் பத்தாயிரம் எதற்கு வந்தது என்பதையும் சொல்லுங்கள். ஷெல் தன் மறைந்த மனைவி மேரி டேபர் பெயரில் கட்டடம் எழுப்பக் கொடுத்த பணம் அது. இன்றைக்கும் அதே கதைதான். கட்டடம், பெஞ்சு, கம்ப்யூட்டர் என்று பெயர் எழுத இடம் இருக்கிற எதற்கும் ஆள் கிடைப்பார். கரண்ட் பில்லில் யார் பெயரைப் பொறிப்பது? எங்கள் மலையடிவார மையத்துக்கு ஒரு கம்பெனி நான்கு கம்ப்யூட்டர் கொடுத்தது. சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்குச் சம்பளம் கேட்டேன். “அது எங்கள் திட்டத்தில் இல்லை மேடம்” என்றார்கள். எட்டு மாதம் துணி போர்த்தி வைத்திருந்தேன்.

நேதாஜி மார்க்கெட்:
சம்பளம் வாங்கினால் அது எப்படி அம்மா தொண்டு?

ஒடுகத்தூர்க்காரி:
உங்கள் கடையில் கணக்கு எழுதுகிறவர் தொண்டாகவா எழுதுகிறார்?

பேரேடு (காட்பாடி):
சின்ன அறக்கட்டளைகளுக்குக் கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தப் “பாதி ஆபீஸ் செலவு”. வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தில் நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை இடம் இருந்தது உண்மை. 2020 திருத்தத்தில் அது 20 ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்து ஆசிரியர் சம்பளமும் ஆஸ்பத்திரி டாக்டர் சம்பளமும் நிர்வாகச் செலவில் சேராது, அது வேலைக்கான செலவு. அதே திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பணம் முதலில் டெல்லி ஸ்டேட் பாங்க் மெயின் பிராஞ்சில் திறந்த கணக்கில்தான் விழ வேண்டும். ஒரு நிறுவனம் வாங்கி இன்னொன்றுக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. முன்பெல்லாம் பெரிய நிறுவனத்தின் நிழலில் பல சின்ன நிறுவனங்கள் பிழைத்தன. அந்த வழி அடைபட்டது.

தம்பிக்கு: எஃப்.சி.ஆர்.ஏ. பதிவுக்கு மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சமாவது நோக்கத்துக்காகச் செலவழித்திருக்க வேண்டும். கம்பெனிகள் லாபத்திலிருந்து சமூகப் பணிக்குக் கொடுக்கும் சி.எஸ்.ஆர். பணத்துக்கும் பொதுவாக மூன்று வருட வேலை காட்ட வேண்டும், அத்தோடு 12ஏ, 80ஜி என்கிற வருமான வரிச் சலுகைப் பதிவுகள், சி.எஸ்.ஆர். பணம் வாங்குவதற்கான சி.எஸ்.ஆர்-1 பதிவு. போன வருடம் பதிந்த டிரஸ்டுக்குப் பத்து லட்சம் என்று ஒருவர் சொன்னபோதே வாசலைக் காட்டியிருக்க வேண்டும். சி.எஸ்.ஆர்-1 போட அரசுக் கட்டணம் கிடையாது. தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்பண் இணையப் பதிவும் இலவசம். இந்த இரண்டுக்கும்தான் இந்த ஆட்கள் ஆயிரக்கணக்கில் கறக்கிறார்கள்.

மச்சான் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. “வெளிநாட்டிலிருந்து வந்தால் எல்லாமே எஃப்.சி.ஆர்.ஏ.” என்று ஒரு பயம் ஊரெல்லாம் இருக்கிறது. இந்தியக் குடிமகன் குவைத்தில் சம்பாதித்துத் தன் சேமிப்பிலிருந்து பேங்க் வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் ஆகும், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் சரி. பாஸ்போர்ட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேதாஜி மார்க்கெட்:
நீளமாகத்தான் சொன்னீர்கள், சரி. பாதிச் செலவு விஷயத்தில் நான் பழைய கணக்கில் இருந்திருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சி.எஸ்.ஆர். என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாலாற்றங்கரை ஆள் நான். தோல் கழிவால் கிணறு உப்பாகிப்போனதைப் பார்த்தவன். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில்தானே 1996-ல் உச்ச நீதிமன்றம் ‘கெடுத்தவன் கொடுக்க வேண்டும்’ என்றது? அப்புறம் அதே ஆட்கள் நோட்டுப் புத்தகம் கொடுத்து போட்டோ எடுத்தால் நாம் கை தட்ட வேண்டுமா?

பேரேடு:
உங்கள் கோபம் நியாயம் சார், ஆனால் இரண்டையும் ஒரே பையில் போடாதீர்கள். அந்த வழக்கில் சொன்னது இழப்பீடு, கட்டாயமாகக் கட்ட வேண்டியது. சட்டப்படி எப்படியும் செய்தாக வேண்டிய எதையும் சி.எஸ்.ஆர். கணக்கில் எழுத முடியாது, விதியே அப்படி. இன்னொன்று, சி.எஸ்.ஆர். எல்லாக் கம்பெனிக்கும் இல்லை. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, லாபம் 5 கோடி, இதில் ஒன்றாவது தொட்டால்தான் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம். பேரணாம்பட்டில் தோல் பதனிட நான்கு தொட்டி வைத்திருப்பவரிடம் போய் “சி.எஸ்.ஆர். கொடுங்கள்” என்றால் அவர் எங்கே போவார்?

ஒடுகத்தூர்க்காரி:
கிடைத்த பிறகு இருக்கிற கூத்தை யாரும் கேட்கவில்லை. பணம் ஒரே தடவையில் வராது. முதல் தவணை, செலவுக் கணக்கு, பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்ற பயன்பாட்டுச் சான்று, அப்புறம்தான் அடுத்த தவணை. நடுவில் இரண்டு மாதம் காய்ந்தது. ஆயாவுக்குச் சம்பளம் கொடுக்க என் வளையலை அடகு வைத்தேன். பென்சிலுக்கு ஒதுக்கியதில் மிச்சம் இருந்தது, அதை எடுத்து மதிய சுண்டலுக்குப் போட முடியாது, கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். ‘கிராண்ட் வந்துவிட்டது’ என்று ஊரில் செய்தி பரவியதும் மாதம் 200 கொடுத்துக்கொண்டிருந்த மூன்று பேர் நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு வலித்தது அதுதான். கிராண்ட் ஒரு வருடத்தில் முடிந்தது, அந்த மூன்று பேர் திரும்பி வரவேயில்லை.

கைலித்தறி:
அக்கா, அப்படியானால் மிச்சம் பிடித்து வைத்துக்கொள்ளவே கூடாதா? லாப நோக்கமில்லாத நிறுவனம் என்றால் வருடக் கடைசியில் கணக்கு சைபர் ஆக வேண்டும் என்று அந்த ஆள் சொன்னார்.

பேரேடு:
அதுவும் பொய். வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும், 15 சதவீதத்தை ஒதுக்கி வைக்கலாம். மிச்சத்தை நீங்கள் ஏழு பேர் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கு என்று வந்த பணத்தில் மிச்சம் இருந்தால் ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான், பல இடத்தில் திருப்பிக் கேட்பார்கள். உங்களுக்கு இப்போது கிராண்ட் வேண்டாம். ஊரில் மாதம் 100 கொடுக்கிற ஐம்பது பேரைப் பிடியுங்கள். ரசீதுப் புத்தகம், பேங்க் கணக்கு, வருடா வருடம் ஆடிட். மூன்று வருடம் கழித்துக் கம்பெனிக்காரன் முதலில் கேட்கப்போவது அந்த ரசீதுக் கட்டைத்தான்.

நேதாஜி மார்க்கெட்:
ஐம்பது பேரில் நான் ஒன்று என்று எழுதிவிடாதே தம்பி. முதலில் ஆறு மாதக் கணக்கை வகுப்பு வாசலில் ஒட்டு, குடியாத்தம் பக்கம் சரக்கெடுக்க வரும்போது பார்க்கிறேன். சம்பள விஷயத்தில் ஒடுகத்தூர் அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

கைலித்தறி:
ஒட்டுகிறோம் அண்ணா. மச்சானிடம் பேசினேன், இந்திய பாஸ்போர்ட்தானாம். “இன்னும் 10,000 அனுப்புகிறேன்” என்றார். பின்னாலிருந்து எங்கள் அக்கா போனைப் பிடுங்கி, “முதலில் அந்த இருபதாயிரத்துக்கு ரசீது எங்கே?” என்று கேட்கிறாள்.