இன்டெக்ரேஷன் கோர்ஸில் சேர்ந்தாச்சா? டீச்சரிடம் வாயைத் திறந்து பேசுங்கள்

ஜெர்மனிக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: எந்த கோர்ஸ், எந்த ஆப், பி1 என்கிற இடைநிலை மொழித் தகுதி எத்தனை மாதத்தில் முடியும்? இதற்குப் பதில் சொல்ல ஆள் நிறைய இருக்கிறது. போர்டுக்கு முன்னால் நிற்கிற டீச்சரைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. நான் சில வருடங்களாக அந்தப் பக்கம் நிற்கிறேன், பெரியவர்களுக்கு டாய்ச், அதாவது ஜெர்மன் மொழி, சொல்லிக்கொடுக்கிறேன். நம் ஊர்க்காரர்கள் ஒரு நாள் தவறாமல் வகுப்புக்கு வருவார்கள், ஹோம்வொர்க் முடித்திருப்பார்கள், பரீட்சையும் பாஸ் செய்துவிடுவார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பேச்சுத்துணைக்கு அதே தமிழ் வாட்ஸப் குரூப்தான். கோர்ஸில் கிடைக்க வேண்டியதில் பாதியை வாங்காமலே போய்விடுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2005-இல் வந்த குடியேற்றச் சட்டத்தோடு தொடங்கியது இந்த இன்டெக்ரேஷன் கோர்ஸ். சாதாரண கோர்ஸ் என்றால் மொழிக்கு 600 பாடவேளை, நாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள 100. ஒரு பாடவேளை 45 நிமிடம். முடிவில் டே-டே-செட் என்கிற மொழித் தேர்வும், 'லேபன் இன் டாய்ச்லாண்ட்' என்கிற 33 கேள்வித் தேர்வும் உண்டு. யாருக்குச் சேர உரிமை, யாருக்குக் கட்டாயம் என்பது உங்கள் விசாவைப் பொறுத்தது. விதிகள் அடிக்கடி மாறுவதால் உங்கள் ஊர் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலேவில் நேரில் போய்க் கேட்பது நல்லது. அகதிகளுக்காகத் திறந்த இடம் என்று நினைத்துச் சில ஐ.டி. நண்பர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. அது ஊர்க்காரர்கள் எல்லோருக்குமான, வயதுவந்தோர் கல்விக்கூடம். 1919-இன் வைமார் அரசியல் சட்டத்திலேயே அதை ஊக்குவிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஜெர்மன்காரர்கள் யோகாவும் ஸ்பானிஷும் படிக்க வருவதும் அங்கேதான்.

சரி, டீச்சர் விஷயத்துக்கு வருவோம். அவர் முன்னால் இருபது பேருக்கு மேல் உட்கார்ந்திருப்பார்கள்: சிரியா, உக்ரைன், ஆஃப்கானிஸ்தான், எரித்ரியா, நடுவில் நீங்கள். அரபுக்காரர்களுக்கு எங்கே உதைக்கும், உக்ரைன்காரர்களுக்கு எங்கே உதைக்கும் என்று அவருக்கு அத்துப்படி. தமிழ் பேசுகிற ஒருவரை அவர் இதற்குமுன் பார்த்திருக்கவே மாட்டார். எனவே நம்மைப் பற்றி நாம்தான் சொல்ல வேண்டும்.

முதலில் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக ஏறியிருக்கும். வகுப்புப் பட்டியலிலும் அதுவே வரும். 'ஃப்ராவ் (திருமதி) சுப்பிரமணியன்' என்று கூப்பிட்டதும் 'அது எங்க அப்பாவாச்சே' என்று உள்ளுக்குள் சிரித்துவிட்டு, மாதக்கணக்கில் அந்தப் பெயரிலேயே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் நாளே சொல்லிவிடுங்கள்: எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இது அப்பா பெயர், என்னை இப்படிக் கூப்பிடுங்கள் என்று. கையெழுத்துப் பட்டியலில் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும், வருகைக் கணக்கு அதை வைத்துத்தான். இதைச் சொல்லும்போதே வகுப்பு முழுக்க உங்களைத் திரும்பிப் பார்க்கும், இரண்டு பேர் கேள்வி கேட்பார்கள். முதல் உரையாடல் அங்கேயே ஆரம்பித்துவிடும்.

அடுத்தது தலையாட்டல். 'ஃபெர்ஷ்டாண்டன்?' (புரிந்ததா?) என்று டீச்சர் கேட்டதும் நாம் பக்கவாட்டில் ஒரு ஆட்டு ஆட்டுவோம். அது ஆமாவா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. கூடவே ஒரு 'யா, யா' போட்டால் புரிந்துவிட்டது என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். வாத்தியாரைக் குறுக்கே கேட்டால் மரியாதைக் குறைவு என்று நமக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இங்கே கேள்வியே வராத ஆளை ஆர்வமில்லாதவர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். புரியாத இடத்தில் கையைத் தூக்கி 'இன்னொரு உதாரணம் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். பெரும்பாலும் உங்களுக்குப் பின்னால் இருக்கிற நாலு பேரும் அதற்காகத்தான் காத்திருப்பார்கள்.

தமிழைப் பற்றியும் இரண்டு விஷயம் அவர் காதில் போட்டு வையுங்கள். பெயர்ச்சொல்லின் பாலைக் காட்ட முன்னால் போடுகிற டெர், டி, டாஸ் மாதிரி நம்மிடம் எதுவும் கிடையாது. எழுத்திலும் 'ப' ஒன்றுதான், அதனால் b-யும் p-யும் காதில் குழம்பும், உடனே திருத்துங்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். இன்னொரு பக்கம், 'வைல்' (ஏனென்றால்) போட்டால் வினை வாக்கியத்தின் கடைசிக்குப் போகிறதே, மற்றவர்கள் திணறுகிற அந்த இடம் நமக்குப் பழகிய பாதை. அது தெரிந்தால் டீச்சர் அந்தப் பாடத்தில் பக்கத்து மேசைக்காரருக்கு விளக்கச் சொல்லி உங்களை உட்கார வைப்பார். உதவி வாங்குகிற ஆளாகவே இருந்துவிடாமல், உதவி செய்கிற ஆளாகவும் ஆகிவிடுவீர்கள். டே-டே-செட்டின் பேச்சுத் தேர்வு ஜோடியாகத்தான் நடக்கும், கடைசிப் பகுதியில் இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றைத் திட்டமிட வேண்டும். ஆகவே இடைவேளையில் தமிழ் மேசை போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு வகுப்பில் மூன்று தமிழர்கள் இருந்தால் நான் முதல் வாரமே பிரித்து உட்கார வைத்துவிடுவேன், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

நான் ரொம்ப வருத்தப்படுவது கடைசி 100 பாடவேளையைப் பார்த்துத்தான். அதன் முடிவில் வரும் 33 கேள்வித் தேர்வுக்கான மொத்தக் கேள்வித் தொகுப்பு 310: பொதுவில் 300, உங்கள் மாநிலத்துக்கு 10. நம் ஆட்கள் ஆப்பில் நாலே நாளில் உருப்போட்டுவிட்டு, வகுப்பில் போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கோர்ஸுக்கு 15 சரியாக இருந்தால் போதும், குடியுரிமைக்கு 17. நம் படிப்புப் பழக்கத்துக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை. ஆனால் வெளியே யாரிடமும் கேட்கக் கூச்சப்படுகிற கேள்விகளைக் கேட்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி பாட்டிலைக் கண்டெய்னரில் போட்டதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஏன் முறைத்தார்? பல மாநிலங்களில் நாலாம் வகுப்பிலேயே பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகலாம் என்று டீச்சர் பரிந்துரை எழுதுகிறாரே, அதற்கு முன் பெற்றோர் என்ன பேச வேண்டும்? எல்டர்ன்ஆபெண்ட் என்கிற பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் எல்லோரும் பேசும்போது நான் சும்மா இருந்தால் தப்பா? இப்படி ஒரு கேள்வி விழுந்தால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு மணி நேரம் அதையே பேசுவேன். அன்றைக்கு வகுப்பே வேறு மாதிரி இருக்கும்.

ஒரு எல்லையும் சொல்லிவிடுகிறேன். இந்த டீச்சர்களில் நிறையப் பேருக்கு நிரந்தர வேலை கிடையாது, நடத்திய பாடவேளைக்குத்தான் பணம். ஆகவே அரசு அலுவலகக் கடிதத்தையும் வாடகைத் தகராறையும் தூக்கிக்கொண்டு வகுப்பு முடிந்ததும் வாசலில் மறிக்காதீர்கள். அதற்கென்றே பெரியவர்களுக்கான குடியேற்ற ஆலோசனை இருக்கிறது. காரித்தாஸ், டியாகோனி, ஆவோ, செஞ்சிலுவைச் சங்கம் போன்ற தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன, காசு கிடையாது. 27 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தனியாக இளைஞர் ஆலோசனை உண்டு. டீச்சரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: 'இந்த ஊரில் அந்த ஆபீஸ் எங்கே?' அவருக்குத் தெரியும்.

கீழே கமெண்டில் வந்த கேள்விகளுக்கு என் பதில்:

தம்பி ஒருவர், மனைவிக்கு இரண்டு வயசுக் குழந்தை, கிட்டாவில் (குழந்தைகள் காப்பகத்தில்) இடம் கிடைக்கவில்லை, அதுவரை வீட்டிலேயே ஆப் போதுமா என்று கேட்டிருந்தார். ஆப் போதாது. ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே சங்கத்தின் இணையப் பாடங்கள் இலவசம், நன்றாகவே இருக்கின்றன, காத்திருக்கும்போது அதைச் செய்யட்டும். ஆனால் மனைவிக்கு ஊரில் நாலு பேரைத் தெரிய வேண்டுமே? பெற்றோருக்கோ பெண்களுக்கோ தனி கோர்ஸ் உங்கள் ஊரில் இப்போது உண்டா என்று கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் வகுப்பு நேரத்தில் குழந்தையையும் பார்த்துக்கொள்வார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் மாலை கோர்ஸில் அவரைச் சேர்த்துவிட்டு நீங்கள் ஆறு மணிக்கு வீட்டுக்கு வாருங்கள். கொஞ்சம் கசக்கும், வேறு வழி இல்லை.

ஆபீஸில் எல்லாம் இங்கிலீஷ்தான், எனக்கு எதற்கு டாய்ச் என்று கேட்டவருக்கு: ப்ளூ கார்டில் (பட்டதாரி வேலைக்காரர்களுக்கான வசிப்பு அனுமதி) இருப்பவருக்கு நிரந்தர வசிப்புரிமை ஏ1 (தொடக்கநிலை டாய்ச்) இருந்தால் 27 மாதத்தில், பி1 இருந்தால் 21 மாதத்தில். குடியுரிமைக்கு 5 வருடமும் பி1-உம் வேண்டும். இது கணக்கு. கம்பெனி ஏற்பாடு செய்யும் தனி வகுப்பு வசதிதான், ஆனால் அங்கே நீங்களும் டீச்சரும் மட்டும்தான் இருப்பீர்கள். ஊர் மாலை வகுப்பில் உங்கள் தெரு பேக்கரியில் வேலை செய்கிற பெண்ணும் உட்கார்ந்திருப்பார்.

யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர், 'எங்கட காலத்தில இப்படி ஒண்டும் இல்லை, ஃபாப்ரிக்கிலதான் டொச் பழகினது' என்று எழுதியிருக்கிறார். எண்பதுகளில் வந்தவர்களுக்கு இந்த கோர்ஸெல்லாம் கிடையாது என்பது உண்மைதான். அண்ணா, உங்களைப் போன்றவர்கள்தான் எங்களுக்கு இப்போது வேண்டும். ஷ்பிராஹ்கஃபே என்கிற, டாய்ச் பேசிப் பழகும் கூடலில் வாரம் ஒரு மாலை வந்து உட்காருங்கள், டாய்ச் இலக்கணம் சரியாக இருக்க வேண்டும் என்றில்லை. கடைசி 100 பாடவேளையில் வகுப்பை வெளியே கூட்டிப்போகும் வழக்கமும் உண்டு. ஹாம் நகரத்துப் பக்கத்தில் இருக்கும் டீச்சர்கள் அங்குள்ள காமாட்சி அம்மன் கோயிலுக்கு வர விரும்பினால், 2002-இல் குடமுழுக்கு நடந்த கதையிலிருந்து தேர்த்திருவிழாவுக்கு ஊரே திரண்டு வருவது வரை டாய்ச்சில் சொல்ல உங்களைவிட நல்ல ஆள் யார்? நீங்களே ஒரு மெயில் போட்டு ஆரம்பியுங்கள், டீச்சருக்கு இப்படி ஒருவர் இருப்பதே தெரியாது.

கடைசியாக, டீச்சரே சரியில்லை என்றால் என்ன செய்வது என்ற கேள்வி. முதலில் அவரிடமே, வகுப்பு முடிந்ததும் தனியாக, எது புரியவில்லை என்று குறிப்பாகச் சொல்லுங்கள். 'வேகமாகப் போகிறீர்கள்' என்பது அவருக்கு உதவாது, 'நேற்றைய டாத்திவ் பயிற்சியில் மூன்றாவது கேள்வியிலிருந்து விட்டுவிட்டேன்' என்பது உதவும். மாற்றம் இல்லாவிட்டால் கோர்ஸ் அலுவலகத்தில் பேசலாம். மொழிப் பகுதி 100 பாடவேளை கொண்ட ஆறு மாட்யூலாகப் பிரித்திருக்கிறது, பொதுவாக ஒரு மாட்யூல் முடிகிற இடத்தில்தான் வேறு கல்விக்கூடத்துக்கு மாற முடியும். அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே புது இடத்தில் கேட்டு வையுங்கள், அங்கேயும் வெயிட்டிங் லிஸ்ட் இருக்கும்.